நிலம், இயந்திரம், சீர்திருத்தம்: 1803 முதல் 1860 வரை அமெரிக்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்மில் பலருக்கு அமெரிக்க வரலாறு என்றால் 1776இல் சுதந்திரம், அதற்கப்புறம் நேராக ஆபிரகாம் லிங்கன். நடுவில் இருக்கும் எண்பது சொச்சம் ஆண்டுகளை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. அட்லாண்டிக் கரையோரம் ஒட்டிக்கொண்டிருந்த நாடு பசிபிக் வரை போனதும், ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியதும், மதுவை ஒழிப்போம், அடிமைமுறையை ஒழிப்போம், பெண்ணுக்கு ஓட்டு கொடுப்போம் என்று சங்கங்கள் முளைத்ததும் அந்த இடைவெளியில்தான். பாடநூல்கள் இவற்றை மூன்று தனி அத்தியாயமாக வைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றையும் கட்டிப்போட்டிருப்பது பருத்தி. அந்தக் கண்ணோட்டத்தில்தான் இந்தப் பதில்கள்.

லூசியானாவை நெப்போலியன் ஏன் அவ்வளவு மலிவாக விற்றார்?

பிரான்சின் காலனியாக இருந்த ஹெய்ட்டியில் அடிமைகளிடம் தோற்றதால்.

அப்போது லூசியானா என்றால் இன்றைய ஒரு மாநிலம் மட்டுமல்ல. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே ராக்கி மலை வரை விரிந்த பெரும்பரப்பு. ஹெய்ட்டித் தீவின் சர்க்கரைத் தோட்டங்களுக்குத் தானியமும் மாடும் அனுப்பும் பின்நிலமாக அதை வைத்துக்கொள்ளலாம் என்பது நெப்போலியனின் கணக்கு. ஆனால் விடுதலை பெற்ற அடிமைகளின் படையும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து அவர் அனுப்பிய சேனையைத் தின்றுவிட்டன. படைத்தலைவர் லெக்லெர்க்கே 1802இல் காய்ச்சலில் செத்தார். தீவு கைவிட்டுப் போனபின் பின்நிலம் எதற்கு? இங்கிலாந்தோடு அடுத்த போருக்குப் பணம் வேறு வேண்டும்.

அமெரிக்கத் தூதர்கள் கேட்கப் போனது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தையும் அதை ஒட்டிய நிலத்தையும் மட்டுமே. முழுவதையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று பிரான்சு திருப்பிக் கேட்டது. 1803 ஏப்ரல் 30 தேதியிட்ட ஒப்பந்தத்தில் விலை 1.5 கோடி டாலர். ஏக்கருக்கு ஏறக்குறைய 3 சென்ட். பரப்பு சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இன்றைய இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. பணத்தைப் புரட்டிக் கொடுத்ததில் லண்டனின் பேரிங் வங்கிக்குப் பங்கு உண்டு. நெப்போலியன் இங்கிலாந்தோடு சண்டை போட, இங்கிலாந்து வங்கியே பணம் ஏற்பாடு செய்தது! வெளிநாட்டு நிலத்தை வாங்க அரசியல் சட்டத்தில் தனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று ஜனாதிபதி ஜெஃபர்சன் சில வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். அப்புறம் அந்தக் கவலையை ஓரமாக வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்களே, அவர்களை யார் கேட்டார்கள்?

யாரும் கேட்கவில்லை. பிரான்சு விற்றதை, ‘மற்ற ஐரோப்பிய நாடுகள் இங்கே போட்டிக்கு வராது’ என்ற உரிமை என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே வாழ்ந்தவர்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்குவது அதற்குப் பிறகு தனித்தனி ஒப்பந்தங்களாலும் போர்களாலும் நடந்தது.

மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்தவர்கள் கதை இன்னும் கசப்பு. ஜார்ஜியாவின் செரோக்கிகளை எடுத்துக்கொள்வோம். ‘நாகரிகம் அடையுங்கள், உங்களை விட்டுவிடுகிறோம்’ என்று வெள்ளையர் சொன்னதை அவர்கள் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத செக்குவோயா என்ற கைவினைஞர் 1821 வாக்கில் தம் மொழிக்கு 80க்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட வரிவடிவத்தைத் தனியாக உருவாக்கி முடித்தார். நம் உயிர்மெய் போல ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. 1827இல் அரசியல் சட்டம் எழுதினார்கள். 1828இல் இருமொழிச் செய்தித்தாள் நடத்தினார்கள். சிலர் வெள்ளையரைப் பார்த்துப் பருத்தித் தோட்டமும் போட்டார்கள், அடிமைகளும் வைத்துக்கொண்டார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

எதுவும் உதவவில்லை. 1829இல் அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது, 1830இல் பூர்வகுடிகளை மேற்கே அகற்றும் சட்டம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்தோடு வந்தது. 1832இல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகள் பக்கம் தீர்ப்பளித்தது. ஜார்ஜியா அதை மதிக்கவில்லை. 1835இல் மக்கள் ஆதரவில்லாத ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கி அதையே ஒப்பந்தம் என்றார்கள். 15,000 பேர் எதிர்த்து மனுக் கொடுத்தும், செனட்டில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு ஒரே ஓட்டு வித்தியாசத்தில் கிடைத்து அது நிறைவேறியது. 1838 கோடையில் படைவீரர்கள் வீடு வீடாகப் போய் மக்களை இழுத்து வந்து பட்டிகளில் அடைத்தார்கள். பலர் வயிற்றுப்போக்கிலேயே மாண்டார்கள். மீதிப் பேர் குளிர்காலத்தில் ஒக்லஹோமா நோக்கி நடந்தார்கள். சுமார் 16,000 பேரில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகக் கணக்கு. செரோக்கிகள் மட்டுமல்ல, சாக்டா, கிரீக், சிக்கசா மக்களும் இப்படித் துரத்தப்பட்டார்கள். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் காலியான நிலத்தில் சில ஆண்டுகளிலேயே பருத்தி நட்டாகிவிட்டது.

பருத்தி ஜின் வந்ததும் அடிமைகளின் வேலை குறைந்திருக்க வேண்டாமா?

நியாயமாகக் குறைந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்.

இந்தியாவில் இரண்டு உருளைகளுக்கு நடுவே பருத்தியை விட்டுக் கொட்டையைப் பிரிக்கும் கைக்கருவி பல நூற்றாண்டுகளாக உண்டு. ஆனால் அமெரிக்க உள்நாட்டு மேட்டுநிலத்தில் விளைந்த குட்டை இழைப் பருத்தியின் பச்சைக் கொட்டை பஞ்சோடு விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். உருளைக்கு அது அடங்கவில்லை. கையால் பிரித்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாள் முழுக்க ஒரு பவுண்டு பஞ்சு தேறினால் பெரிது. 1793இல் ஜார்ஜியாவில் ஒரு தோட்டத்தில் தங்கியிருந்த எலி விட்னி செய்த ‘ஜின்’ என்ற கருவியில், சுழலும் உருளையில் கம்பிப் பற்கள் இருக்கும். அவை பஞ்சைப் பிடித்து ஒடுங்கிய சந்து வழியாக இழுக்கும். கொட்டை அதில் நுழைய முடியாமல் விழுந்துவிடும். பின்னால் எதிர்ப்பக்கம் சுழலும் தூரிகை பற்களில் மாட்டிய பஞ்சைத் துடைத்தெடுக்கும். ஓர் ஆள் சுற்றினால் நாளுக்கு 50 பவுண்டு.

கொட்டை எடுக்கும் வேலை சுலபமானதும் பயிரிடுவது லாபமானது. விதைக்கவும் களை எடுக்கவும் பறிக்கவும் இயந்திரம் கிடையாது, அதற்கெல்லாம் ஆள்தான். 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் ஏறக்குறைய 39.5 லட்சம். 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை வந்ததால், வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து தெற்கே விற்கும் உள்நாட்டு வியாபாரம் கொழுத்தது. தாயை ஒரு பக்கமும் பிள்ளையை ஒரு பக்கமும் பிரித்து, சுமார் 10 லட்சம் பேரை இப்படிப் பெயர்த்தார்கள். உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி மட்டும்.

விட்னிக்கு இதில் பெரிய காசு இல்லை. அரைத்துக் கொடுக்க ஐந்தில் இரண்டு பங்கு பஞ்சு கேட்டார். விவசாயிகள் கருவியைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டார்கள். வழக்கு நடத்தியதிலேயே வருமானம் கரைந்தது.

ஈரி கால்வாயை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரியையும் ஹட்சன் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் இது. 363 மைல் நீளம், 40 அடி அகலம், வெறும் 4 அடி ஆழம். பார்த்தால் பெரிய வாய்க்கால். 1817இல் தொடங்கியபோது ஆளுநர் கிளின்டனின் சாக்கடை என்று கேலி செய்தார்கள். 1825இல் திறந்ததும், பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு டன்னுக்கு 100 டாலர் ஆன சரக்குக் கூலி 10 டாலர் பக்கத்துக்கு இறங்கியது. கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகை இழுத்தன, அவ்வளவுதான் தொழில்நுட்பம். நாட்டின் முதல் துறைமுகமாக நியூயார்க் நிலைபெற்றதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ரயில் வந்தபின் கால்வாயின் பெருமை குறைந்தது. ஆனால் அதன் கரையிலும் கிளைக் கால்வாயிலும் இருந்த ஊர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராச்செஸ்டர், செனிகா ஃபால்ஸ் எல்லாம் சீர்திருத்தக் கதையில் திரும்ப வரும்.

மெக்சிகோவோடு போர் யார் தொடங்கியது?

அது யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெக்சிகோ 1829இல் அடிமைமுறையை ஒழித்தது. அங்கே டெக்சாசில் குடியேறியிருந்த அமெரிக்கர்கள் அடிமைகளோடு வந்தவர்கள். 1836இல் பிரிந்து தனி நாடு என்றார்கள். மோதலுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதை விட்டுவிட்டுச் சொல்வது நேர்மையில்லை. 1845இல் அமெரிக்கா டெக்சாசைச் சேர்த்துக்கொண்டது. எல்லை எந்த ஆறு என்ற தகராறு இருந்த இடத்துக்கு ஜனாதிபதி போல்க் படையை அனுப்பினார். சுடப்பட்டதும் ‘அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம்’ என்றார். எந்த இடம், சரியாகக் காட்டுங்கள் என்று நாடாளுமன்றத்தில் குடைந்த புதுமுக உறுப்பினர் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

1848 பிப்ரவரி 2 ஒப்பந்தத்தில் கலிபோர்னியா உட்பட பெரும்பரப்பு கைமாறியது. டெக்சாசையும் சேர்த்தால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதியை இழந்தது. கிடைத்த தொகை 1.5 கோடி டாலர். கையெழுத்தாவதற்கு ஒன்பது நாள் முன்பு கலிபோர்னியாவில் சட்டரின் மர அறுவை ஆலையில் தங்கம் தட்டுப்பட்டிருந்தது. அந்தச் செய்தி பேச்சுவார்த்தை நடத்திய இரு தரப்புக்கும் எட்டவில்லை.

தந்தியை மோர்ஸ் தனியாகவா கண்டுபிடித்தார்?

இல்லை. அவர் தொழிலில் ஓவியர். 1825இல் வாஷிங்டனில் ஓர் உருவப்பட வேலையாக இருந்தபோது ஊரில் மனைவி இறந்தார். கடிதம் கிடைத்து வீடு போய்ச் சேருவதற்குள் அடக்கமே முடிந்திருந்தது. தந்தி பற்றிய எண்ணம் வந்தது 1832இல். கருவியை உருப்படியாக்கியதில் உதவியாளர் ஆல்ஃபிரட் வெயிலுக்கும், மின்சாரம் தெரிந்த விஞ்ஞானிகளுக்கும் பங்கு அதிகம். 1843இல் அரசு 30,000 டாலர் தந்தது. முதலில் கம்பியை மண்ணுக்குள் புதைத்தார்கள். மின்காப்பு சரியில்லாமல் பணம் வீணாக, மிச்சத்தைக் கம்பத்தில் கட்டினார்கள். 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு முதல் அதிகாரபூர்வச் செய்தி போனது. இதே மோர்ஸ் அடிமைமுறையை வெளிப்படையாக ஆதரித்தவர், கத்தோலிக்கர்கள் குடியேறுவதை எதிர்த்தவர். கண்டுபிடிப்பாளர் என்றால் முற்போக்காளர் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

கறுப்பினத்தவர் யாரும் காப்புரிமை பெறவில்லையா?

சுதந்திர மனிதராக இருந்தால் பெறலாம். நியூயார்க் தையல்காரர் தாமஸ் ஜென்னிங்ஸ் 1821இல் துணியை உலர்சலவை செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வருமானம் அடிமை ஒழிப்பு வேலைக்கும் போனது. அவருடைய மகள் எலிசபெத், 1854இல் குதிரை டிராமிலிருந்து இழுத்துத் தள்ளப்பட்டு, வழக்குப் போட்டு வென்றவர். அவருக்கு வாதாடிய இளம் வக்கீல் செஸ்டர் ஆர்தர் பிற்பாடு ஜனாதிபதியானார்.

அடிமை நிலை வேறு. மிசிசிப்பியில் நெட் என்ற அடிமைக் கொல்லர் செய்த பருத்தி வயல் கருவிக்கு அவருடைய எசமானர் காப்புரிமை கேட்டார். அடிமையின் உழைப்பு எனக்குச் சொந்தம் என்றால் மூளையும் சொந்தம்தானே என்பது வாதம். 1858இல் அரசின் தலைமை வழக்கறிஞர் முடிவு சொன்னார்: அடிமை குடிமகன் அல்ல, உறுதிமொழி கொடுக்க முடியாது; எசமானர் கண்டுபிடிப்பாளர் அல்ல. ஆக இருவருக்கும் இல்லை.

லோவெல் ஆலைப் பெண்கள் உண்மையில் எப்படி வாழ்ந்தார்கள்?

மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல், 1820களில் ஆலைக்காகவே கட்டிய ஊர். பக்கத்துக் கிராமங்களின் விவசாயி வீட்டுப் பெண்களைக் கூட்டி வந்தார்கள். கம்பெனி விடுதி, இரவு 10 மணிக்குக் கதவடைப்பு, கோயிலுக்குப் போவது கட்டாயம். பெற்றோருக்குப் பயம் வராமல் இருக்க இந்த ஏற்பாடு. விடியுமுன் மணி அடிக்கும். வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல் வேலை. நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் வேண்டும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். புத்தகம் கொண்டுவரக் கூடாது என்றதும், செய்தித்தாளில் வந்த கவிதையைக் கிழித்து ஜன்னலில் ஒட்டி வைத்துக்கொண்டு தறிக்கு நடுவே படித்தார்கள். தாங்களே எழுதி ஒரு மாத இதழும் நடத்தினார்கள். கையில் சொந்தக் காசு என்பது அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் முறை. அதனால் இதை வெறும் கொடுமைக் கதையாக மட்டும் சொல்வதும் சரியில்லை.

1834இல் கூலி குறைப்பை எதிர்த்தும், 1836இல் விடுதிக் கட்டணம் ஏறியதை எதிர்த்தும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாவதில், நிரம்பிய நூல் கண்டுகளை மாற்றும் வேலையில் இருந்த ஹாரியட் ஹான்சனுக்குப் பதினோரு வயது. பெரியவர்கள் போகலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டே நின்றபோது, அவள் முதல் ஆளாக வெளியே நடந்தாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் நீள வரிசை. ஆலை நிர்வாகம் அவளை விட்டுவிட்டு, விடுதி நடத்திய விதவைத் தாயின் வேலையைப் பறித்தது. பெரிய பெண்களைத் தடுக்க உன்னால் முடியாது, உன் மகள் குழந்தைதானே, அவளை அடக்கியிருக்கலாமே என்று காரணமும் சொன்னார்கள்.

1845இல் சாரா பாக்லி தலைமையில் பத்து மணி நேர வேலை கேட்டு மனுக் கொடுத்தார்கள். மாநிலச் சட்டமன்றம் விசாரித்தது. பெண்கள் நேரில் போய்ச் சாட்சி சொன்னார்கள். இது முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்க்க வேண்டியது என்று குழு கைகழுவியது. பாக்லி அடுத்த ஆண்டு லோவெல் தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மாசசூசெட்சில் பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் வந்தது 1874இல்.

இன்னொன்று: லோவெலுக்கு வந்த பஞ்சு தெற்கின் அடிமைகள் பறித்தது. அங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அடிமைகளுக்கு உடுத்தவே தெற்கே திரும்பிப் போனது.

ஒரே காலத்தில் ஏன் இத்தனை சீர்திருத்தச் சங்கங்கள்?

மத எழுச்சி ஒரு காரணம். மனிதன் முயன்றால் பாவத்தை விடலாம் என்று சார்லஸ் ஃபின்னி போன்ற போதகர்கள் கால்வாய்க் கரை ஊர்களில் முழங்கினார்கள். தனி மனிதன் திருந்தலாம் என்றால் சமூகமும் திருந்தலாம் அல்லவா? மலிவான அச்சு இன்னொரு காரணம். மூன்றாவது, பிரச்சினைகளே கண்முன் பெருத்திருந்தன. 1830 வாக்கில் அமெரிக்கர்கள் குடித்த மதுவின் அளவு இன்றைய அளவைப்போல் சுமார் மூன்று மடங்கு. மேற்கே விளைந்த மக்காச்சோளத்தை மூட்டையாகக் கொண்டுவரக் கூலி கட்டாது, விஸ்கியாக்கினால் கட்டும் என்பதும் அதற்குப் பின்னால் இருந்தது. 1851இல் மெயின் மாநிலம் மதுவிலக்கே கொண்டுவந்தது.

டோரத்தியா டிக்ஸ் 1841இல் ஒரு சிறையில் ஞாயிறு வகுப்பு எடுக்கப் போய், மனநோயாளிகளைக் குளிரில் கணப்பில்லாத அறையில் பூட்டி வைத்திருப்பதைக் கண்டார். ஊர் ஊராகப் போய்க் குறிப்பெடுத்து 1843இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் மனுவாக வைத்தார். அவர் கடைசியாகக் கேட்டது நிலம்: மேற்கே அரசு கைப்பற்றி வைத்திருக்கும் நிலத்தில் 1 கோடி ஏக்கரை மனநோய் மருத்துவமனைகளுக்குக் கொடுங்கள் என்றார். 1854இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புக்கொண்டும், தருமம் செய்வது மத்திய அரசின் வேலை அல்ல என்று ஜனாதிபதி பியர்ஸ் நிராகரித்தார். அதற்கு நான்கு ஆண்டு முன்பே இல்லினாய் ரயில்பாதைக்கு 25 லட்சம் ஏக்கர் தாராளமாகப் போயிருந்தது.

பெண்ணுரிமை மாநாடு 1848இல் ஏன் ஒரு சிற்றூரில் நடந்தது?

அதைக் கூட்டியவர்களில் ஒருவரான எலிசபெத் கேடி ஸ்டான்டனின் வீடு அங்கே இருந்ததால். 1840இல் லண்டன் அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குப் போன அமெரிக்கப் பெண்களைப் பிரதிநிதிகளாக உட்கார விடவில்லை. அந்தக் கோபம் ஆறவில்லை. செனிகா ஃபால்சில் ஜூலை 19, 20 தேதிகளில் சுமார் 300 பேர் கூடினார்கள். ஓட்டுரிமைத் தீர்மானம் அதிகப்படி என்று உள்ளிருந்தவர்களே தயங்கினார்கள். தப்பி வந்த அடிமையும் ராச்செஸ்டரில் பத்திரிகை நடத்தியவருமான ஃபிரெடரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்தபின் அது தப்பிப் பிழைத்தது. 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். வீட்டில் கையுறை தைத்துக் கூலி வாங்கிய சார்லட் உட்வர்ட் அவர்களில் ஒருவர். 1920இல் ஓட்டுரிமை வந்தபோது உயிரோடு இருந்தவர் அவர் மட்டுமே. உடல்நலமில்லாததால் ஓட்டுப் போடவில்லை.

தமிழர்களுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, வலிந்து தேட வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் கட்டடம், பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1842இல் பனிக்கட்டி சேமிக்கக் கட்டியது. குதிரை இழுக்கும் பனிவெட்டிக் கருவி 1825இல் வந்ததால்தான் ஏரிப் பனியை ஒரே அளவுப் பாளமாக வெட்டி, மரத்தூளில் புதைத்து, உலகின் மறுபக்கம் அனுப்ப முடிந்தது.

இன்னும் நெருங்கியது யாழ்ப்பாணம். அந்த மத எழுச்சியில் 1810இல் பிறந்த அமெரிக்க மிஷன் சங்கம், 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1817இல் செரோக்கிகளிடத்துக்கும் ஆள் அனுப்பியது. வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி, உடுவிலில் 1824இல் பெண்கள் பள்ளி, 1841இல் ‘உதயதாரகை’ எல்லாம் அதன் வேலை. மதுரைக்கு 1834இல் வந்தார்கள். செரோக்கிப் பத்திரிகைக்கு அச்செழுத்து வரத் துணை நின்று, செரோக்கி நாட்டை விட்டுப் போக மறுத்ததற்காக ஜார்ஜியாச் சிறையில் கிடந்த சாமுவேல் வூஸ்டர் அதே சங்கத்தின் ஊழியர். மேலே சொன்ன 1832ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர் பெயரில் வந்த வழக்கில்தான்.

சீர்திருத்தம் இவ்வளவு நடந்தும் ஏன் உள்நாட்டுப் போர்?

ஒவ்வொரு முறை நிலம் சேரும்போதும் அதே கேள்வி எழுந்தது: இங்கே அடிமை வைக்கலாமா, கூடாதா? 1820இல் மிசூரியை ஒட்டி வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, மிசூரி தவிர அதற்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று சமாளித்தார்கள். 1846இல், மெக்சிகோவிடமிருந்து வரும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற தீர்மானம் கீழவையில் ஜெயித்து மேலவையில் தோற்றது. அடிமை ஒழிப்புக்காரர்கள் அப்போதும் வடக்கிலேயே சிறுபான்மைதான். 1837இல் இல்லினாயில் எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாசிரியர் தன் அச்சு இயந்திரத்தைக் காக்கப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடாளுமன்றக் கீழவையில் இது பற்றிய மனுக்களை விவாதிக்கவே கூடாது என்று 1836 முதல் 1844 வரை வாய்ப்பூட்டு விதி இருந்தது.

1820இல் வரைபடத்தில் போட்ட அந்தக் கோட்டினை அழித்தது ரயில். சிகாகோவிலிருந்து மேற்கே பாதை போட விரும்பிய செனட் உறுப்பினர் ஸ்டீபன் டக்ளஸ், கன்சாஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் நிர்வாகம் அமைக்கத் தெற்கின் ஓட்டை நாடினார். அதற்கு விலையாக, அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுபவர்களே முடிவு செய்யட்டும் என்று 1854இல் சட்டம் வந்தது. இரு தரப்பும் ஆள் சேர்த்துக் கன்சாசில் வெட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டே பிறந்த குடியரசுக் கட்சி, இருக்கும் மாநிலங்களில் அடிமைமுறையைத் தொடமாட்டோம், புது நிலத்தில் மட்டும் விடமாட்டோம் என்றது. லிங்கன் 1860 நவம்பரில் ஜெயித்தது அந்தப் பேச்சின் மேல்தான். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்து போனது.